ஊரோடு ஒத்தலும் உள்ளத்தோடு ஒத்தலும்

ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வழங்கும் பழமொழி. மனிதன் பிறரோடு கூடி வாழப் பிறந்தவன். ஆதலின் இப்பழமொழியைப் பிழையென்று தள்ளிவிடல் இயலாது. ஆயினும், ஊர் ஓடுந் திசை தவறானது எனத் தன் கண்ணே காட்டும்போதும் ஒருவன் ஒத்து ஓடத்தான் வேண்டுமா? ஓடினால் அவன் இழப்பது யாது? ஓடாது நிற்பதற்கு வேண்டிய வலிமை எங்கிருந்து வருகின்றது? இவ்வினாக்களுக்கு உளநூலார் கண்ட விடையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர் எமது மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் வேண்டும். அஃது எமக்குப் பெருமை தருவதன்று. எனினும் பழைய மாணவர் கூடிப் பேசும் இவ்விழா மலரில் அதனை மறைத்தல் முறையாகாது.

யாம் கிழக்கு மாகாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, யாழ்ப்பாணத்திலே விடுதியில் தங்கிக் கற்றோம். ‘பிறகு’ என்னும் பொருளில் எம்மூரார் ‘மறுகா’ என்பர். யாழ்ப்பாணத்தார் ‘பேந்து’ என்பர். விடுதிக்கு வந்த முதல் வாரத்திலேயே எமது ‘மறுகா’ சிரிப்புக்கு இடமாயிற்று. ஒரு தவணை முடிவதற்குள் அச்சொல்லை யாம் முற்றாகக் கைவிட்டோம். அம்மாவுக்கு எழுதுங் கடிதத்திலும் அது வாராதவாறு பார்த்துக்கொண்டோம். அடுத்த ஆண்டு எம் பகுதியிலிருந்தே புதிய மாணவன் ஒருவன் வந்தான். ஒருநாள் இரவுச் சாப்பாட்டு மேசையில், தான் ஆற்றிலே தோணி கவிழ்ந்து தப்பிய கதையை அவன் சொல்லத் தொடங்கினான். இரண்டாம் வாக்கியத்தில் ‘மறுகா’ வந்தது. மேசை முழுவதும் சிரித்தது. அச்சிரிப்பிலே ஓங்கி ஒலித்தது எமது குரலே.

சிறுவன் பேச்சை நிறுத்திவிட்டான். அப்பொழுது மேசையின் ஓரத்திலே இருந்த வடமராட்சியைச் சேர்ந்த மூத்த மாணவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, “மறுகா என்ன நடந்தது, தம்பி?” என்று கேட்டார். அவர் முகத்திலே கேலி இல்லை, கண்டிப்பும் இல்லை. கதையின் மிகுதியை அறியும் விருப்பம் மட்டுமே இருந்தது. சிரிப்பு அடங்கிற்று. சிறுவன் கதையைச் சொல்லி முடித்தான். யாம் தலைகுனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

ஒருவர் கேட்ட ஒரு வினாவுக்கு இத்துணை ஆற்றல் எவ்வாறு வந்தது? பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோதே இதற்கான விடை எமக்குப் புலனாயிற்று.

அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலத்துச் சுவார்த்மோர் கல்லூரியில் உளநூற் பேராசிரியராக விளங்கியவர் சொலமன் ஆஷ். 1907 இல் போலந்து நாட்டின் வார்சோ நகரிற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவிற் குடியேறி, 1996 இல் மறைந்தவர். அவர் நடத்திய பரிசோதனையின் முடிவுகள் 1951 இல் முதன்முதல் வெளிவந்தன. 1955, 1956 ஆம் ஆண்டுகளில் அவற்றை அவரே விரித்தெழுதினார்.

அப்பரிசோதனை மிக எளியது. ஓர் அறையிலே 7 முதல் 9 வரையான கல்லூரி மாணவர் வரிசையாக இருத்தப்பட்டனர். அவர்களுக்கு இரண்டு அட்டைகள் காட்டப்பட்டன. ஒன்றிலே தனிக்கோடு ஒன்று. மற்றையதிலே மூன்று கோடுகள். அம்மூன்றனுள் ஒன்று மட்டுமே தனிக்கோட்டின் நீளமுடையது. ஏனையவை முக்கால் அங்குலத்திற்குக் குறையாமல் வேறுபட்டவை. ஒத்த கோடு எதுவென ஒவ்வொருவராக உரத்துச் சொல்லுதல் வேண்டும். தனியே இருந்து விடை கூறுவோர் நூற்றுக்கு ஒரு முறைகூடப் பிழைவிடாத அளவுக்கு எளிய வேலை இது.

ஆயின் அவ்வறையிலே ஒரு மறைபொருள் இருந்தது. ஒருவனைத் தவிர மற்றையோர் எல்லாரும் பேராசிரியருடன் முன்னரே பேசி வைத்துக்கொண்டவர்கள். அந்த ஒருவன் ஏறத்தாழ வரிசையின் இறுதியில் இருத்தப்பட்டான். 18 முறை அட்டைகள் காட்டப்பட்டன. அவற்றுள் 12 முறை, ஏனையோர் அனைவரும் ஒரே பிழையான விடையை ஒருவர் பின் ஒருவராகக் கூறினர். பயமுறுத்துவார் இல்லை, பரிசு கொடுப்பாரும் இல்லை. தன் கண் ஒன்று காட்ட, தன் போன்ற மாணவர் அனைவரும் வேறொன்று கூறக் கேட்ட அவன் என் செய்தான்?

மூன்று கல்லூரிகளில் இவ்வாறு சோதிக்கப்பட்ட மாணவர் 123 பேர். ஏனையோர் பிழை கூறிய தருணங்களில், இவர்கள் கூறிய விடைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பிழைப்பக்கம் சாய்ந்தன. நால்வரில் மூவர் ஒருமுறையாயினும் சாய்ந்தனர்; நால்வரில் ஒருவர் ஒருபோதும் சாயவில்லை. கோடுகளுக்கிடையே 7 அங்குல வேறுபாடு இருந்த வேளையிலும் பலரைப் பின்பற்றிப் பிழை கூறியோர் இருந்தனர். இதனை எடுத்துக்கூறுவோர் பலர் மறந்துவிடும் மறுபக்கமும் ஒன்றுண்டு. நூற்றுக்கு 63 விடைகள் சரியானவையே. மனிதன் வெறும் ஆட்டுமந்தையல்லன் என்பதையும் இவ்வாராய்ச்சி காட்டிற்று. ஆஷ் அவர்களும் இதனையே வற்புறுத்தினார்.

சாய்ந்தவர்களைப் பின்னர் தனித்தனியே அழைத்து உசாவியபோது பல்வேறு காரணங்கள் வெளிப்பட்டன. இத்தனை பேர் கூறுவது பிழையாகாது, எம் கண்ணிலேதான் கோளாறு என்று நம்பியோர் சிலர். மற்றையோர் பிழை கூறுகின்றனர் என்று அறிந்தும், ஆராய்ச்சியைக் கெடுக்கலாகாது என்றோ, தனித்துத் தோன்றலாகாது என்றோ உடன் கூறியோர் வேறு சிலர். தம்மிடத்து ஏதோ குறை உண்டென்றும், அது பிறருக்குத் தெரியாதவாறு மறைத்தல் வேண்டுமென்றும் கருதியோரும் இருந்தனர். இவர்களின் நிலையே எம் நெஞ்சைத் தொட்டது. ‘மறுகா’ என்னுஞ் சொல்லை யாம் ஒளித்துவைத்ததும் இக்காரணத்தினாலன்றோ? இன்னுமொன்று: சாய்ந்தவர்கள் அனைவரும், தாம் உண்மையில் எத்தனை முறை சாய்ந்தனரோ அதனினும் குறைவாகவே தம்மைக் கணக்கிட்டனர். பிறர்க்கு மறைக்கப் புகுந்தவன் இறுதியில் தனக்கே மறைத்துவிடுகிறான். தன் உண்மை இயல்பை ஒருவன் இழப்பது ஒரேநாளில் அன்று. கணக்கில் வாராத இச்சிறு சாய்வுகளினாலேயாம்.

சாயாது நின்றவர்களும் ஒரே தன்மையர் அல்லர். தம் கண்ணில் உறுதியான நம்பிக்கை வைத்து நின்றோர் சிலர். வேறு சிலரோ, பெரும்பான்மையோர் கூறுவதே சரியாயிருத்தல் கூடுமென்று ஐயுற்றும், தாம் கண்டதையன்றி வேறொன்றைக் கூற மனம் இசையாது நின்றனர். துணிவு என்பது ஐயம் இல்லாமை அன்று. ஐயத்தின் நடுவிலும் கண்டதைக் கண்டபடி கூறுதலே என்பது இவர்கள் வாயிலாக விளங்குகின்றது.

எத்தனை பேர் எதிர்நின்றால் ஒருவன் தளர்வான் என்பதையும் ஆஷ் ஆராய்ந்தார். ஒருவர் மட்டும் மாறாகக் கூறியபோது மாணவன் பெரும்பாலும் அசையவில்லை. இருவர் கூறியபோது பிழை நூற்றுக்கு 13 அல்லது 14 ஆயிற்று. மூவர் கூறியபோது ஏறத்தாழ 32 ஆக உயர்ந்தது. அதற்குமேல் எண்ணிக்கையைக் கூட்டியும் பெரிய வேறுபாடு நிகழவில்லை. ஊர் முழுவதும் திரளவேண்டியதில்லை. ஒருமுகமாய் நிற்கும் மூவரே ஒருவனுக்கு ஊராகிவிடுகின்றனர்.

இனி, யாம் முக்கியமெனக் கருதும் பகுதிக்கு வருவோம். வரிசையிலே உண்மையான விடையைக் கூறும் துணைவர் ஒருவரை ஆஷ் அமர்த்தினார். ஒருவரே ஒருவர். அவ்வளவில், மாணவன் பிழைப்பக்கம் சாய்தல் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அதனினும் வியப்பானது மற்றொன்று. அத்துணைவர் சரியான விடையைக் கூறாமல், பெரும்பான்மையோரினும் பெரிய பிழையொன்றைக் கூறியபோதும் மாணவன் விடுதலை பெற்றான். அவன் பிழை நூற்றுக்கு 9 ஆகச் சுருங்கிற்று. ஆகவே கூட்டத்தின் வலிமை அதன் எண்ணிக்கையில் இல்லை. அதன் ஒருமுகத்திலேயே இருக்கின்றது. அவ்வொருமுகத்திலே எங்கேனும் ஒரு வெடிப்பு உண்டானால் அதனூடே ஒளி வருகின்றது. எம் சாப்பாட்டு மேசையில் நிகழ்ந்ததும் இதுவே. அம்மூத்த மாணவர் எவரையும் கண்டித்தாரல்லர். சிரியாதிருந்தார், ஒரு வினாவைக் கேட்டார். ஒருமுகம் உடைந்தது.

துணைவர் இடையிலே நீங்கினால் யாது நிகழும்? ஆஷ் அதனையும் விட்டுவைக்கவில்லை. துணைநின்றவர் ஆறு முறை சரியாகக் கூறிய பின்னர்ப் பெரும்பான்மையோர் பக்கம் மாறிவிட்டபோது, மாணவன் முன்போலவே தளர்ந்து வீழ்ந்தான். உடனின்றவர் மாறுதல், துணையே இல்லாதவன் நிலைக்கு அவனைத் திரும்பவும் தள்ளிவிட்டது. வேறொரு முறை, கல்லூரித் தலைவரைக் காணவேண்டியிருக்கின்றது என்று சொல்லித் துணைவர் அறையை விட்டு வெளியே சென்றார். பிழை சற்றுக் கூடியது உண்மை. எனினும் கட்சி மாறியவரால் நேர்ந்த அளவுக்கு அது கூடவில்லை. வெளியேறியவர் தந்த துணிவு அவர் போன பின்னும் அவ்வறையிலே தங்கி நின்றது.

இதனைப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தோம். எம் மூத்த மாணவர் அவ்வாண்டு இறுதியிலேயே பரீட்சை எழுதி விடுதியை விட்டுச் சென்றார். அடுத்த தவணையிலே, அதே மேசையில், ஏதோ ஒரு பேச்சினிடையே யாம் ‘மறுகா’ என்றோம். வேண்டுமென்றே சொல்லவில்லை; தானாகவே வந்துவிட்டது. இரண்டொருவர் சிரித்தனர். முன்னொரு நாள் தோணிக் கதை சொன்ன சிறுவன் சிரிக்கவில்லை. எம்மை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையின் பொருள் எமக்கு விளங்கிற்று. ஒரு நாள் அவனுக்குத் துணையாயிருக்கத் தவறிய யாம், பிந்தியேனும் அவ்விடத்தை அடைந்திருந்தோம். அவனிடம் மன்னிப்புக் கேட்டல் வேண்டும் என்னும் எண்ணம் பலமுறை எழுந்தது. கேட்காமலே பள்ளி வாழ்வு முடிந்தது. இன்று இதனை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தன் இயல்பைப் பேணுதல் என்பது பிறர் தந்ததையெல்லாம் உதறிவிடுதல் ஆகாது. யாம் எள்ளி நகைத்த அக்கிழக்கு மண்ணிலே, காரைதீவில், 1892 இல் மயில்வாகனன் என்னும் பெயரொடு தோன்றியவரே சுவாமி விபுலாநந்தர். ஆங்கிலப் பட்டமும் உத்தியோகமும் வாழ்வின் முடிந்த பேறெனப் பலர் கருதிய காலம் அது. அவர் 1916 இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியானார். யாழ்ப்பாணத்திலே ஆசிரியராயிருந்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபருமானார். அப்பாதையிலேயே நடந்திருந்தால் உலகம் மெச்சியிருக்கும். அவரோ இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924 இல் துறவு பூண்டார். அதனாற் கற்ற விஞ்ஞானத்தைக் கைவிட்டாரா? இல்லை. பழந்தமிழர் யாழின் நரம்புகளையும் சுரங்களையும் கணித முறையால் ஆராய்ந்து, 1947 இல் யாழ் நூலை வெளியிட்டபோது அவ்விஞ்ஞானமே கைகொடுத்தது. ஆங்கிலக் கல்வியைப் பலரும் ஒரு பதவிக்கு வழியாகக் கொண்டனர்; அவர் அதனைத் தம் உள்ளம் நாடிய பணிக்குக் கருவியாகக் கொண்டார். கற்றது ஒன்றே, கொண்ட நோக்கமே வேறு.

ஆயின் ஊரோடு ஒத்து வாழ்தல் தீதோ எனின், அன்று. விடுதி மணி அடித்ததும் எழுதல், வரிசையிலே நிற்றல், பலர் கூடிய இடத்திலே பிறர்க்கு இடையூறின்றி நடத்தல் ஆகியவற்றில் ஒருவன் தன் தனித்தன்மையைக் காட்டப் புகுதல் வெறும் செருக்கு. வள்ளுவரும், உலகத்தாரொடு பொருந்தி நடக்க அறியாதார் எவ்வளவு படித்திருப்பினும் அறிவில்லாதாரே என ஒழுக்கமுடைமை அதிகாரத்திற் கூறினார். அவரே அறிவுடைமை அதிகாரத்தில், சொல்பவர் எவராயினும் சொல்லப்பட்டதன் உண்மையைத் தேர்ந்து காணுதலே அறிவு என்றார். இவை ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல. நடையிலே ஊரோடு பொருந்துக. கண்டதைக் கூறுவதிலே உள்ளத்தோடு பொருந்துக. பிறர்க்காக எழுந்து நிற்றல் பண்பு. பிறர்க்காகக் குறுங்கோட்டை நெடுங்கோடு என்றல் பொய்.

இவ்வாராய்ச்சி அமெரிக்க மாணவர்க்கு உரியது, நமக்கு என்ன எனச் சிலர் வினவலாம். 1996 இல் ஆராய்ச்சியாளர் இருவர், இம்முறையைப் பின்பற்றி 17 நாடுகளில் நடத்தப்பட்ட 133 ஆய்வுகளை ஒருங்கு வைத்து நோக்கினர். அமெரிக்காவில் இவ்வாறு சாயுந்தன்மை 1950 ஆம் ஆண்டுகளின் பின்னர் குறைந்து வந்தமையும், கூட்டுவாழ்வைப் போற்றும் நாடுகளில் அது மிகுந்திருத்தலும் அவர்களாற் கண்டறியப்பட்டன. குடும்பமும் ஊரும் ஒன்றெனப் பழகிய நமக்கு இப்பொருள் அயலானது அன்று, மிக அணியது.

இன்று கற்கும் மாணவருக்கு இதனாற் பெறப்படும் பயன் ஒன்றை ஈண்டுக் கூறுதல் தகும். உயர்தர வகுப்பிலே உயிரியலா, கணிதமா, வர்த்தகமா, கலையா எனத் தேரும் வேளை வருகின்றது. தோழர் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் விடையைக் கூறுகின்றனர். வீட்டாரும் உறவினரும் கூறுகின்றனர். இறுதியிலே இருப்பவன் நீ. ஆஷ் நடத்திய பரிசோதனையிலே, விடையை உரத்துக் கூறாமல் தாளிலே எழுதும்படி விட்டபோது பிழைப்பக்கம் சாய்தல் பெரிதும் குறைந்தது. ஆதலின் பிறரைக் கேட்பதற்கு முன் உன் விடையைத் தனித்திருந்து ஒரு தாளில் எழுதிவை. பின்னர்ப் பெற்றோரையும் ஆசிரியரையும் பணிவோடு கேள். அவர்கள் காட்டும் காரணம் வலியதாயின் உன் விடையை மாற்று. அது சாய்வன்று, தெளிவு. காரணம் எதுவுமின்றி, எல்லாரும் அதனையே எடுக்கின்றனர் என்பதற்காக மட்டும் மாற்றாதே.

தன்னை அறிதல் என்றவுடன், உலகைவிட்டு ஒதுங்கி உள்ளே தோண்டி எடுக்கவேண்டிய புதையல் ஒன்றைப் பலர் நினைப்பர். நம் சைவசித்தாந்த நூலோர் கூறுவது வேறு. உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல் என்பர் அவர். பளிங்கு தன்னருகே வைத்த மலரின் நிறத்தைக் காட்டுவதுபோல, உயிரும் தான் சார்ந்ததன் தன்மையை அடைகின்றது. சார்பின்றி நிற்றல் நமக்கு இயலாது. எதனைச் சார்வது என்பதே நம் கையில் உள்ளது. சிரிக்கும் மேசையைச் சார்ந்தால் சிரிப்போம். வினாவிய ஒருவரைச் சார்ந்தால் நாமும் ஒருநாள் வினாவுவோம். ஆஷ் காட்டிய துணைவரின் பெருமையும் இதுவேயாம்.

எனவே ஒரு கல்லூரி தன் மாணவனுக்குச் செய்யும் பேருதவி யாது? பாடங்கள் மறந்துபோகலாம், பெற்ற பரிசுக் கேடயங்கள் மங்கலாம். பலர் நடுவே தனித்து நிற்க நேரும் பொழுதிலே, முன்பு உடன் நின்ற ஓர் ஆசிரியரோ தோழரோ அவன் நினைவிலே எழுவாராயின், அதுவே அக்கல்லூரி ஊட்டிய கல்வி. அவர்கள் இன்று நம்மோடு இல்லை, சிலர் கடல் கடந்து சென்றனர், சிலர் மறைந்தனர். அறையை விட்டு அவர்கள் வெளியே சென்றுள்ளனர். கட்சி மாறிச் சென்றாரல்லர். ஆகவே அவர்கள் தந்த துணிவு இன்னும் நம்மிடத்தே தங்கியிருக்கின்றது. பழைய மாணவர் சங்கம் கட்டடத்துக்குப் பொருள் திரட்டுவது நன்று. அதனோடு, அலுவலகத்திலும் ஊர்ச்சபையிலும் குடும்பத்திலும் தனித்து நிற்கும் ஓர் இளையவனைக் காணும்போது, அவன் அருகே சென்று நிற்கும் இரண்டாமவராதலையும் நம் கடனாகக் கொள்வோமாக.

புதிதாக வரும் சிறுவர் இவ்வாண்டும் தத்தம் ஊர்ச்சொல்லோடு நம் கல்லூரிக்கு வந்திருப்பர். அவர்களுள் எவனேனும் கதையை இடையிலே நிறுத்தி வாய்மூடி நிற்கும்போது, ‘மறுகா என்ன நடந்தது, தம்பி?’ என்று கேட்கும் ஒருவர் அங்கே ஒவ்வொரு மேசையிலும் என்றும் இருப்பாராக.